முட்டைப் பெட்டிக்குள் எத்தனை வாட்

இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் நடத்துகிறேன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன். இந்த இரண்டு வரிகளைக் கரும்பலகையில் எழுதாத வருடம் கிடையாது. ஆனால் சொந்தக் காரியத்துக்காக ஒரு தடவைகூட நான் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் என் தங்கை. அதுவும் போனில், நல்ல கோபத்தில்.

"பிள்ளைகளை மட்டும் நெட்டுருப் போட வைக்கியே, ஒருநாள் இங்கன வந்து போட்டுக் காட்டு பாப்போம். விடிஞ்சு கொஞ்ச நேரத்துல பல்பு அழுது வடியுதுக்கா. பெட்டிக்குள்ள சூடு நிக்க மாட்டேங்குது."

பெட்டி என்று அவள் சொன்னது முட்டை பொரிக்கும் பெட்டியை. ராதாபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தோம். அவள் கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். சும்மா இருந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் வீட்டில் கிடந்த மர அலமாரி ஒன்றைத் துணி வைக்க லாயக்கில்லாமல் ஆக்கி, மேலே இரண்டு குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன், அடியில் தண்ணீர்த் தட்டு, சூட்டைப் பார்த்துப் பல்பை அணைத்துப் போடுகிற தெர்மோஸ்டாட் ஒன்று என்று தானே எல்லாவற்றையும் மாட்டியிருந்தாள். முப்பத்தேழரை டிகிரி சூடு, இருபத்தோரு நாள். அவ்வளவுதான் ஒரு கோழிக்குத் தெரிந்த இயற்பியல்.

முட்டைகள் அவளுடையவை அல்ல. தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் தங்கள் கோழி இட்ட முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க விடுவதுபோல இதுவும் ஒரு வாரம். பொரித்த குஞ்சுகளில் நாலுக்கு ஒன்று அவளுக்கு, மிச்சம் முட்டை கொடுத்தவர்களுக்கு. முதல் ஈட்டில் எழுபது முட்டை வைத்தாள். ஒன்பது குஞ்சு வந்தது. மற்றதெல்லாம் கூமுட்டை. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளைத் தின்றது. குழாயடியில் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்களாம். எதிர்வீட்டு மதினி கொடுத்த பதினொன்றில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அந்த மதினி மட்டும்தான் சிரித்த முகத்தோடு, "போவட்டும் விடு, அடுத்த தடவை பாப்போம்" என்று சொல்லி மறுபடியும் முட்டை கொடுத்திருக்கிறார். அவரைப் பார்த்து மற்ற வீடுகளும் கொடுத்தன. இப்போது எண்பத்து நாலு முட்டை உள்ளே இருந்தது. மறுபடியும் காலை நேரத்தில் சூடு இறங்குகிறது.

"இந்த ஈடும் போச்சுன்னா பெட்டிய உடைச்சு வெந்நி போட்டுருவேன். அந்தத் தெருவுல எனக்கு மூஞ்சி இருக்காதுக்கா" என்றாள். அழவில்லை. அவள் அழாமல் பேசினால்தான் எனக்குப் பயம்.

நான் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பேட்டைக்குப் போனேன். அங்கே மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மகள் என்னிடம் படித்தவள். அந்த உரிமையில் அளவு பார்க்க ஒரு மீட்டர் இரவல் கேட்டேன். டாங் டெஸ்டர் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கிடுக்கி மாதிரி வாயைத் திறந்து ஒரு கம்பியைக் கவ்வும். கம்பியை வெட்டாமலே உள்ளே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டிவிடும். கூடவே வரும் இரண்டு முனைகளைப் பிளக்கில் குத்தினால் வோல்டும் காட்டும்.

"எதை அளக்கப் போறிய டீச்சர்? மோட்டாரா?"

"பல்பு. அறுபது வாட்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யானை எடை போடுத தராசுல கொத்தமல்லிய வைக்கப் போறியளா? சரி, வயரைப் பத்துச் சுத்து சுத்தி இது வாய்க்குள்ள விடுங்க. பத்து மடங்கு காட்டும். பொறவு பத்தால வகுத்துக்கிடுங்க. ரெண்டு வயரையும் சேத்துப் பிடிச்சிராதிய, சைபர்தான் காட்டும். போறதும் வாறதும் கழிஞ்சு போயிரும்."

இரண்டுமே எனக்குத் தெரிந்த விதிகளிலிருந்து வரும் விஷயங்கள்தான். ஆனால் எனக்குத் தோன்றியிருக்காது. தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். டீச்சர் உத்தியோகத்தில் முதலில் கற்றுக்கொள்வது இந்தத் தலையாட்டல்தான்.

சனிக்கிழமை முதல் பஸ். ராதாபுரம் தாண்டியதும் பனைமரங்களுக்கு மேலே காற்றாலைகள் வரிசையாக நிற்கும். ஐப்பசி பிறந்தும் அந்தப் பக்கத்தில் மழை இறங்கவில்லை. மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. ஊரைச் சுற்றி மின்சாரம் தயாராகிறது, ஊருக்குள் பல்பு அழுது வடிகிறது. இதைக் கேட்டால் என் தங்கை, "நெல்லு விளையுத ஊர்ல எல்லாரும் சோறா திங்காவ?" என்பாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பல்பு நன்றாகத்தான் எரிந்தது. வோல்ட் இருநூற்று முப்பது. காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே, பம்புசெட்டுகளுக்கென்று நேரம் வைத்து விடும் மும்முனை மின்சாரம் வந்தது. அதற்காகவே காத்திருந்ததுபோல் சுற்றிலும் உள்ள கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியது. முருங்கைக்கும் வாழைக்கும் தண்ணீர் பாய வேண்டும், யாரைக் குறை சொல்வது? என் கண்ணெதிரே பல்பின் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் காவியாகியது. மீட்டரைக் குத்திப் பார்த்தேன். நூற்று எழுபது.

"பாத்தியா?" என்றாள். ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்த குரல்.

"இரு, அளக்கறதுக்கு முன்னால கணக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பினேன். அறுபது வாட் பல்பு, இருநூற்று முப்பது வோல்ட். வகுத்தால் கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே, பூஜ்யம் புள்ளி இருபத்தாறு. வோல்டை அதால் வகுத்தால் மின்தடை எண்ணூற்று எண்பத்துச் சொச்சம் ஓம். இப்போது வோல்ட் நூற்று எழுபது. அதை எண்ணூற்று எண்பதால் வகுத்தால் பூஜ்யம் புள்ளி பத்தொன்பது ஆம்பியர். பெருக்கினால் முப்பத்து மூன்று வாட். வோல்டேஜ் கால்வாசி குறைந்தால் சூடு பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் வோல்ட் விழும்போது ஆம்பியரையும் கூட இழுத்துக்கொண்டு விழுகிறது. தங்கை தாளை எட்டிப் பார்த்து, "இது நியாயமே இல்லையே" என்றாள்.

பிறகு வயரைப் பத்துச் சுற்றுச் சுற்றி, டெஸ்டரின் வாயைத் திறந்து கவ்வ வைத்தேன். ஒன்று புள்ளி ஒன்பது காட்ட வேண்டும். இரண்டு புள்ளி இரண்டு காட்டியது. சுற்றுகளை எண்ணினேன். பத்துதான். அடுத்த பல்பை அளந்தேன். அதுவும் இரண்டு புள்ளி இரண்டு.

"தப்பாக்கா?"

"மீட்டர் தப்பா இருக்கும்" என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் இதே வார்த்தையை நான் முன்பு ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவி, பெரியப்பாவின் மல்டிமீட்டரில் குண்டு பல்பை அளந்துவிட்டு வந்து கேட்டாள். பல்பின் மின்தடை அறுபத்து நாலு ஓம்தான் காட்டுகிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் அறுபது வாட் பல்பு எண்ணூறு வாட்டுக்கு மேல் வருகிறதே டீச்சர், என்று. பாடம் முடிக்க வேண்டிய அவசரம் எனக்கு. "நீ சரியா அளந்திருக்க மாட்டே, உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அவள் சரியாகத்தான் அளந்திருந்தாள். எரியாத பல்பின் இழை குளிர்ந்து கிடக்கும், மின்தடை குறைவு. எரிந்து வெள்ளையாகச் சூடேறும்போது அது பதின்மூன்று பதினாலு மடங்கு ஏறிவிடும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. ஆனால் ஒரு பெண் அதையே கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த நினைப்பு இன்றைக்கும் குத்துகிறது.

ஆகவே மீட்டரை நம்பினேன். நூற்று எழுபதைப் பூஜ்யம் புள்ளி இருபத்திரண்டால் வகுத்தேன். எழுநூற்று எழுபத்து மூன்று ஓம். காவி நிறத்தில் எரியும் பல்பு அவ்வளவாகச் சூடாகவில்லை, அதனால் மின்தடையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால் கணக்கு சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மின்சாரத்தை விடுகிறது. பெருக்கினால் முப்பத்தேழு வாட். புத்தகக் கணக்கைவிட நாலு வாட் கூடுதல். பல்பு தன்னால் முடிந்தவரை தாக்குப் பிடிக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

இனி பெட்டியின் கணக்கு. இரண்டு பல்பும் சேர்ந்து எழுபத்தைந்து வாட். அறையின் சூடு இருபத்தாறு. எழுபத்தைந்து வாட்டில் பெட்டி முப்பத்து நாலுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நின்றது. எட்டு டிகிரிக்கு எழுபத்தைந்து என்றால், முப்பத்தேழரைக்குப் போக இன்னும் மூன்றரை டிகிரிக்கும் சேர்த்து நூற்றெட்டு வாட் வேண்டும். அப்படியானால் மூன்று பல்பு போதும் என்றது கணக்கு. நான்காவது பல்பு என் பயத்துக்கு. மத்தியானம் மோட்டார்கள் நின்று வோல்டேஜ் ஏறினாலும் கவலை இல்லை, அதிகமானால் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும். குண்டு பல்பு இப்போது எங்கே கிடைக்கிறது? தங்கை ராதாபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கி, பழைய சரக்கில் இருந்த இரண்டை வாங்கிவந்தாள். கடைக்காரர், "எல்.இ.டி. வாங்கும்மா, வெளிச்சம் கூட, சூடே இருக்காது" என்று எடுத்துச் சொன்னாராம். "அந்தச் சூடுதான் அண்ணாச்சி எனக்கு வேணும்" என்றிருக்கிறாள்.

அன்று அறையை இருட்டாக்கி, முட்டையின் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினாள். ஆறாம் நாள். ஓட்டுக்குள் சிவப்பாகச் சிலந்திக்கால் மாதிரி நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளி அசைந்தது. "உசிரு இருக்குக்கா" என்றாள். அதுவரை எனக்கு இது வாட் கணக்கு. டார்ச்சை வாங்கி அடுத்த முட்டையின் பின்னால் நானே அடித்துப் பார்த்தேன்.

சாயங்காலம் இடி இடித்தது. மழை இல்லை, வெறும் இடி. ஆனால் என்ன இடி! அது ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் ஏழு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு இரும்பு கையில். ஆணி, பழைய சாவி, ஒரு லாடம், நட்டு. அடைமுட்டைக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால் இடிச் சத்தம் முட்டையைக் கலக்காது என்பது அங்கே வழக்கம். அடைக்கோழிக் கூடையில் போடுவதை இப்போது பெட்டியில் போட வேண்டும். எதிர்வீட்டு மதினி கதிர் அறுக்கிற, பிடி இல்லாத பன்னரிவாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "போன தடவை இது இல்லாமத்தான் போச்சு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் போன பிறகு, "இதையெல்லாம் தூக்கி வெளிய போடு" என்றேன்.

"அவுக முட்டை, அவுக இரும்பு. நான் எப்படிக்கா போட?" என்று எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினாள். அரிவாளை மட்டும் பல்புக்குக் கீழே இருந்த ஆணியில் தொங்கவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மும்முனை வந்தது. மோட்டார்கள் ஓடின. வோல்ட் நூற்று எழுபதுக்கு இறங்கியது. தெர்மோஸ்டாட்டின் சிவப்பு எழுத்து முப்பத்தேழு புள்ளி ஆறு என்று அசையாமல் நின்றது. தங்கை என் கன்னத்தைக் கிள்ளினாள். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்துவிட்டாள். நானும் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் கையில் டெஸ்டர் இருக்கிறதே! நாலு பல்புக்கும் பொதுவான வயரில் பத்துச் சுற்றுப் போட்டு, ஒன்பது காட்டுகிறதா என்று பார்க்க ஆசை. கவ்வ வைத்தேன்.

சைபர்.

இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. பல்பு எரியவில்லை. தெர்மோஸ்டாட் அணைத்திருக்கிறது. மூன்று நிமிடம் கழித்துப் பல்பு எரிந்தது, டெஸ்டர் எட்டு புள்ளி எட்டு காட்டியது, ஒரு நிமிடத்தில் மறுபடி சைபர். இப்படியே நாலு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். நூற்றைம்பது வாட், ஆனால் நாலில் ஒரு பங்கு நேரம்தான். சராசரியாகப் போட்டால் முப்பத்தேழு வாட். நேற்று எழுபத்தைந்து வாட்டுக்கே முப்பத்து நாலைத் தாண்டாத பெட்டி, இன்றைக்கு அதில் பாதியில் முப்பத்தேழரைக்கு எப்படிப் போகும்?

"ஏட்டி, இந்தப் பெட்டி பொய் சொல்லுது" என்றேன்.

"எல்லாம் சரியாத்தானே காட்டுது? உனக்கு நல்லது நடந்தாப் பொறுக்காதாக்கா?"

பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடி வெப்பமானியை முட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாதரசம் முப்பதில் நின்றுவிட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

கதவை விரியத் திறந்து உள்ளே பார்த்தேன். தெர்மோஸ்டாட்டுக்காகச் சூட்டை அறியும் சின்ன உலோக முனை, அதன் வயரோடு, அரிவாளோடு சேர்த்து நூலால் இறுகக் கட்டியிருந்தது. அரிவாளைத் தொட்டேன். சுற்றியிருந்த காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தது. பல்புக்கு நேர் கீழே தொங்குவதால் காற்றைவிட முன்னதாக அது சூடேறிவிடுகிறது. அதன் சூட்டைப் பெட்டியின் சூடு என்று நம்பி தெர்மோஸ்டாட் பல்பை அணைக்கிறது. கீழே முட்டைகள் குளிர்ந்துகொண்டிருந்தன.

"இதை யாரு கட்டினா?"

"நான்தான். காலையில முட்டை திருப்பும்போது பாத்தேன், ஃபேன் காத்துல அந்த வயரு ஆடி ஆடி அரிவாள்ல டிக்கு டிக்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. முட்டைக்கு அதிருமேன்னு கட்டி வச்சேன்." ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். "நானே கொன்னுட்டேனாக்கா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஏழு இரும்பையும் தெருவில் எறிந்திருப்பேன். அவள் மேல் அல்ல, என்மேல்தான் கோபம். அரிவாள் தொங்கும் இடத்தை நேற்றே பார்த்தவள் நான். இரும்பு இடியைத் தடுக்குமா என்று மனதுக்குள் கேலி செய்துகொண்டிருந்தேனே ஒழிய, பல்புக்குக் கீழே இரும்பு என்ன செய்யும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. நூலை அறுத்தேன். உலோக முனையை முட்டை மட்டத்துக்கு இறக்கி, எதிலும் படாமல் தொங்கவிட்டேன். அரிவாளைத் தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். வெளியே எடுக்க அவள் சம்மதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பல்புகள் எரிந்தன. இருபது நிமிடம் அணையவே இல்லை. டெஸ்டரில் எட்டு புள்ளி எட்டு அப்படியே நின்றது. அந்த எண்ணை அவ்வளவு நேரம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இருவராகத்தான் இருப்போம்.

எத்தனை செத்தது என்று சொல்ல முடியாது. மூன்று நான்கு மணி நேரம்தான் குளிர்ந்திருக்கிறது, பிழைக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த இரண்டு வாரமும் வோல்டையும் வெப்பமானியையும் பார்த்துத் தினமும் நாலு தடவை எழுதி அனுப்பினாள். வகுப்புக்கு நடுவில்கூட எடுத்துப் பார்த்தேன்.

இருபத்தோராம் நாளும் ஞாயிறுதான். நான் போனபோது அலமாரிக்குள் சந்தை இரைச்சல். அறுபத்தொன்று பொரித்திருந்தது. தங்கை தூங்கவே இல்லை என்பது கண்ணில் தெரிந்தது. ஆனாலும் அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. வீடு வீடாகப் பிரித்துக் கூடையில் விட்டிருந்தாள். எதிர்வீட்டு மதினிக்குப் பன்னிரண்டில் ஆறுதான். "அவுக வீட்டுதுதான் இந்தத் தடவையும் குறைஞ்சிருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொடுக்க?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த மதினியே முதலில் வந்தார். கையில் துணி மூடிய ஓலைப்பெட்டி. குஞ்சுகளை அள்ளிப் போகக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். தங்கை, "ஆறுதான் மதினி" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆறா? என் கோழி அடையில உக்காந்தாலும் பாதியை மிதிச்சுத்தான் கெடுக்கும். இரும்பு வச்சோம்லா, அதான் நின்னிருக்கு" என்றார் மதினி. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தங்கை என் காலை நன்றாக மிதித்தாள்.

மதினி துணியை விலக்கினார். உள்ளே முட்டைகள். பதினைந்து இருக்கும்.

"குஞ்சு எங்க ஓடப் போவுது, பொறவு எடுத்துக்கிடுதேன். முதல்ல இதை வாங்கி உள்ள வை. வேற யாரும் முந்திரக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேன்."

தங்கை ஓலைப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஒரு மாதமாக அடக்கியதெல்லாம் அப்போதுதான் பொலபொலவென்று வந்தது. அழுதுகொண்டே பெட்டியை என் பக்கம் நீட்டி, "பிடிக்கா, கண்ணு தெரியல, போட்டுருவேன்" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தேன். பதினைந்து இல்லை, பதினாறு.